ஆசிரியர்-மாணவர் உறவும் வெகுஜனத் தொடர்புச் சாதனங்களும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏகலைவனின் கதையை அறியாதவர் இந்நாட்டில் மிகச் சிலரே. வேட்டுவர் குலத்துச் சிறுவன் ஒருவன் வில்வித்தை கற்க விரும்பித் துரோணரை நாடிச் செல்கிறான். அவர் மறுத்து விடுகிறார். அவரது மண்ணுருவைச் செய்து வைத்து, அதன் முன் தானே பயின்று, அர்ச்சுனனையும் விஞ்சும் திறனை அவன் பெறுகிறான். பின்னர் துரோணர் வந்து குரு தட்சிணையாக அவனது வலக்கைக் கட்டை விரலைக் கேட்கிறார். அவன் வெட்டிக் கொடுக்கிறான்.

பாட நூல்களிலும் சித்திரக் கதைகளிலும் மேடையிலும் இக்கதை எத்தனையோ முறை சொல்லப்பட்டுள்ளது. சொல்லப்படும் போதெல்லாம் பெரும்பாலும் மாணவனின் பக்தியே போற்றப்படுகிறது. மூன்று கேள்விகள் அருகியே எழுப்பப்படுகின்றன. கற்பிக்க மறுத்த ஒருவர் எந்த உரிமையின் பேரில் தட்சிணை கேட்டார்? அவர் கேட்டது யாருடைய நன்மைக்காக? மறுத்துரைக்கும் வாய்ப்பு அச்சிறுவனுக்கு இருந்ததா? பிற்காலத்தில் தலித் இலக்கியம் இக்கேள்விகளை உரத்த குரலில் எழுப்பியது.

ஆசிரியர்-மாணவர் உறவைத் திரைப்படமும் தொலைக்காட்சியும் செய்தித்தாளும் சித்திரிக்கும் முறையை ஆராய்வதற்கு இம்மூன்று கேள்விகளை விடச் சிறந்த அளவுகோல் இல்லை. ஆசிரியர் நல்லவரா, தீயவரா என்று கேட்பது எளிது. அவர் கையில் உள்ள அதிகாரம் எத்தகையது, அதன் எல்லை எது, அந்த எல்லை மீறப்பட்டால் மாணவர் யாரிடம் செல்வது என்று கேட்பதே பயனுடையது.

அதிகாரத்தின் இருப்பிடம்

2024-25 ஆம் கல்வியாண்டில் நாட்டின் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக 1 கோடியைத் தாண்டியது. பள்ளி மாணவர்கள் 24 கோடிக்கும் அதிகம். உயர் கல்வி நிலையங்களில் 2021-22 ஆம் ஆண்டில் பயின்றோர் 4.33 கோடி. தாய் தந்தையருக்கு அடுத்தபடியாக, இந்தியக் குழந்தை ஒன்று நாள்தோறும் பல மணி நேரம் ஒப்படைக்கப்படுவது ஆசிரியரிடமே.

சந்தையில் ஒரு கடைக்காரர் முறைகேடாக நடந்தால் வாங்குபவர் அடுத்த கடைக்குச் செல்லலாம். மாணவருக்கு அவ்வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. நாட்டில் ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் 2024-25 இல் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தன. அவற்றில் பயின்ற குழந்தைகள் 33 லட்சத்துக்கும் அதிகம். அக்குழந்தைகளுக்குப் பாடம் சொல்பவரும், மதிப்பெண் இடுபவரும், வருகைப் பதிவேட்டில் குறிப்பவரும், மாற்றுச் சான்றிதழ் எழுதுபவரும் ஒருவரே. அவர் மீது குறை இருந்தால் அதைக் கேட்க வேண்டியவரும் அவரே. பல்கலைக்கழக ஆய்வு மாணவரின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. பல ஆண்டு உழைப்பின் முடிவு நெறியாளர் ஒருவரின் கையொப்பத்தைச் சார்ந்து நிற்கிறது.

ஆசிரியரின் அதிகாரம் பிரம்பில் மட்டும் இருப்பதாகக் கருதுவது தவறு. அது செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில், நன்னடத்தைச் சான்றில், ஒரு பாராட்டுச் சொல்லில் இருக்கிறது. மாணவர் இணங்கிப் போவதை அவரது விருப்பம் என்று உடனே கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம். சாதனங்களின் சித்திரங்களில் மிகுதியாக மறைக்கப்படுவதும் இதுவேயாகும்.

தெய்வமும் கொடுங்கோலரும்

இந்தியத் திரைப்படத்தில் ஆசிரியர் பெரும்பாலும் மூன்று வார்ப்புகளில் வருகிறார்: தெய்வம், கொடுங்கோலர், காதலர்.

முதல் வார்ப்புக்குச் சிறந்த சான்று 1954 இல் வெளிவந்த ‘ஜாக்ருதி’ என்னும் இந்திப் படம். முரட்டுச் சிறுவர்களை அன்பினாலும் புதிய முறைகளாலும் திருத்தும் விடுதிக் கண்காணிப்பாளரை அது காட்டிற்று. விடுதலை பெற்ற நாடு தன் ஆசிரியர்களிடம் எதிர்பார்த்ததை அப்படம் எடுத்துரைத்தது எனலாம். இவ்வார்ப்பில் உள்ள உயர்வை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதில் ஓர் ஆபத்து உண்டு. ‘மாதா, பிதா, குரு, தெய்வம்’ என்ற வரிசையில் வைக்கப்பட்டவர் மீது புகார் சொல்லும் குழந்தையை யாரும் எளிதில் நம்புவதில்லை. தெய்வத்துக்கு எல்லை வகுப்பார் இல்லை. ஆனால் ஆசிரியர் ஊதியமும் விடுப்பும் நடத்தை விதிகளும் உடைய ஒரு பணியாளர்.

தெய்வ வார்ப்பின் மறுபக்கம் கண்டிப்பு. 2005 இல் வெளிவந்த ‘பிளாக்’, கண்ணும் செவியும் புலன் இழந்த ஒரு பெண்ணுக்கு மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரின் கதை. குழந்தையை வன்மையாகக் கையாளுவதை, வெற்றிக்குக் கொடுக்கவேண்டிய விலையாகப் படம் காட்டுகிறது. குழந்தை முதற்சொல்லை உணரும் கட்டத்தில் கண்ணீர் மல்கும் பார்வையாளர், அடியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டு விடுகிறார். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழிக்குத் திரை அளிக்கும் நற்சான்று இது.

இந்நற்சான்றுக்கு எதிரே வைக்கத்தக்க கணக்கு ஒன்று உண்டு. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007 இல் வெளியிடப்பட்டது. பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவீதத்தினர் பள்ளியில் உடல் தண்டனைக்கு ஆளானதாகக் கூறினர். அடிபட்ட குழந்தைகள் எல்லோரும் அறிஞர்களாகி விடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் ஒருங்கே தடை செய்கிறது. இப்பிரிவு திரைக்கதைகளில் அரிதாகவே இடம் பெறுகிறது.

கொடுங்கோலர் வார்ப்பு 2009 இல் வெளிவந்த ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தின் பொறியியல் கல்லூரி இயக்குநரிடம் முழுமை பெற்றது. செயல்திட்டத்துக்கு மேலும் அவகாசம் கேட்ட மாணவரின் வேண்டுகோளை அவர் மறுக்கிறார். அம்மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். பட்டம் வழங்கும் அதிகாரம் எவ்வளவு கனமானது என்பதை வெகுசனப் படம் ஒன்று இவ்வளவு தெளிவாகக் காட்டியது பாராட்டத்தக்கது. எனினும் தீர்வு என்று படம் காட்டுவது அந்த இயக்குநரின் மனமாற்றத்தையே. அவரது முடிவை மறுபரிசீலனை செய்ய ஒரு குழு இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினா எழவில்லை. தீமை தனி மனிதரிடம் இருப்பதாகக் காட்டினால், அவர் திருந்தியதும் கதை முடிந்து விடுகிறது. வாழ்க்கையில் அந்நாற்காலிக்கு அடுத்து இன்னொருவர் வருகிறார்.

அண்மைக் காலத்தில் நான்காவது வார்ப்பு ஒன்றும் தோன்றியுள்ளது. 2019 இல் தொடங்கிய ‘கோட்டா ஃபாக்டரி’ என்ற இணையத் தொடரில், நுழைவுத் தேர்வுப் பயிற்சி நகரமான கோட்டாவின் மாணவர்கள் தங்கள் ஆசிரியரைப் ‘பையா’, அதாவது அண்ணன், என்று அழைக்கின்றனர். வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைகளுக்கு இவ்வுறவுமுறை ஆறுதல் தருகிறது. அது இயல்பே. ஆனால் அண்ணன் என்று அழைக்கப்படுபவரும் கட்டணம் பெறும் நிறுவனம் ஒன்றில் பாடம் நடத்துபவரே. உறவுமுறைச் சொல் அந்த ஏற்பாட்டை இனிமையாக்கும். அதிலுள்ள அதிகாரத்தை அது நீக்கி விடாது.

காதல் என்னும் போர்வை

மூன்றாம் வார்ப்பாகிய காதலர், மிகுந்த கவனத்துடன் நோக்கத்தக்கவர். 1970 இல் வெளிவந்த ‘மேரா நாம் ஜோக்கர்’ படத்தின் முதற் பகுதியில், பதின்வயதுச் சிறுவன் தன் ஆசிரியையிடம் மனம் ஈடுபடுகிறான். வளரும் பருவத்தில் இத்தகைய ஈர்ப்பு தோன்றுவது புதிதன்று, குற்றமுமன்று. ஈர்ப்பு மாணவருடையதாக இருக்கலாம். எல்லையைக் காக்கும் பொறுப்போ எப்போதும் ஆசிரியருடையது. அப்படத்தின் ஆசிரியை சிறுவனின் உணர்வைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. இது கருதத்தக்கது.

பின்வந்த படங்கள் இதனை நகைச்சுவையாக்கின. 2004 இல் வெளிவந்த ‘மைன் ஹூன் நா’ படத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் வேதியியல் ஆசிரியையைக் காதலிக்கிறார். அவர் உண்மையில் மாணவர் அல்லர், மாறுவேடத்தில் வந்துள்ள இராணுவ மேஜர் என்பது பார்வையாளருக்குத் தெரியும். அதனால் உறவின் ஏற்றத்தாழ்வு கதையின் உபாயத்தால் நீங்கி விடுகிறது. ஆசிரியையைச் சுற்றி வரும் மாணவன் என்ற சித்திரம் மட்டும் மனத்தில் நின்று விடுகிறது.

2015 இல் வெளிவந்த மலையாளப் படம் ‘பிரேமம்’ வேறோர் உண்மையைத் தற்செயலாகத் தொடுகிறது. அதில் மாணவர்கள் விரும்பும் மலர், கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர். மதிப்பெண் இடும் அதிகாரம் அவரிடம் உள்ளது. ஆனால் கௌரவ விரிவுரையாளருக்கு நிலையான வேலை இல்லை. வகுப்பிலோ ஆண் மாணவர் பலரின் பார்வைக்கும் பேச்சுக்கும் இலக்காகும் இளம் பெண் அவர். அதிகாரம் ஒரே திசையில் பாய்வதில்லை. பதவி ஒரு பக்கமும், பாலினம், சாதி, செல்வம் ஆகியவை மறு பக்கமும் இழுக்கக்கூடும். பெண் ஆசிரியர்கள் நாட்டின் பள்ளி ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர். ஆசிரியையைக் கேலி செய்வதை இளமைக் குறும்பு என்று காட்டும் காட்சிகள் அவர்களது அன்றாடப் பணியைக் கடினமாக்குகின்றன.

முதிர்ந்த வயதினரிடையே உண்மையான அன்பு அரும்புவதில்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். அரும்பக் கூடும். ஆனால் ஒருவர் மற்றவரின் விடைத்தாளைத் திருத்தும் நிலையில் இருக்கும் வரை, அந்த அன்பு சுயேச்சையானது என்பதற்கு உறுதி இல்லை. வகுப்பில் உள்ள ஏனைய மாணவர்களுக்கும் நியாயம் கிடைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. சட்டமும் இதனை ஏற்கிறது. அதிகாரப் பதவியையோ நம்பிக்கைக்குரிய பொறுப்பையோ தவறாகப் பயன்படுத்தி ஒரு பெண்ணை உடலுறவுக்கு இணங்கச் செய்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 68 ஆம் பிரிவின்படி குற்றமாகும். உயர் கல்வி நிலையங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் குறிப்பிடத்தக்கவை. பாலியல் துன்புறுத்தல் புகார் ஒன்று விசாரணையில் இருக்கும்போது, புகாருக்கு ஆளானவர் புகார் செய்தவரின் தேர்வையோ ஆய்வுப் பணியையோ மதிப்பிடாதவாறு தடுத்து வைக்க அவை இடமளிக்கின்றன. மதிப்பெண்ணே அதிகாரம் என்பதை இவ்விதி நன்கு உணர்ந்துள்ளது.

செய்தித்தாளின் சொற்கள்

திரைப்படம் கற்பனை என்று ஒதுக்கி விடலாம். செய்தியை அவ்வாறு ஒதுக்க இயலாது. ஆசிரியர் ஒருவர் பள்ளி மாணவியை அழைத்துச் சென்றதைக் ‘காதல்’ என்றும் ‘ஓட்டம்’ என்றும் தலைப்பிடுவது பல மொழி நாளேடுகளின் வழக்கம். இந்தி ஏடுகளில் ‘பிரேம் பிரசங்க்’ என்ற தொடர் இதற்கு உதவுகிறது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 18 வயது நிறையாதவரின் சம்மதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. கல்வி நிலையத்தின் நிர்வாகத்தையோ பணியாளர் குழுவையோ சேர்ந்தவர் அங்குள்ள குழந்தையிடம் இழைக்கும் பாலியல் வன்செயலை அச்சட்டம் கடுமை மிகுந்த குற்றமாக வகைப்படுத்துகிறது. சட்டம் குற்றம் என்று கூறுவதைத் தலைப்பு காதல் என்று கூறினால், படிக்கும் பெற்றோர் எதை நம்புவர்?

இதற்கு நேர் எதிரான போக்கும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை அரக்கராக வருணிக்கும் செய்திகள் அவை. அரக்கர் என்று சொல்லி விட்டால், அவர் பல ஆண்டுகள் எல்லோராலும் மதிக்கப்பட்டவர் என்பதும், முன்பே வந்த புகாரை யாரோ ஒருவர் மேசை இழுப்பறையில் வைத்து மூடினார் என்பதும் மறைந்து போகின்றன. மேற்குறிப்பிட்ட 2007 ஆம் ஆண்டு ஆய்வில், குழந்தைகளிடம் தவறாக நடந்தோரில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள் என்று தெரிய வந்தது. பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் தெரிய வந்தது.

சட்டத்தின் 23 ஆம் பிரிவு செய்தியாளருக்கு இரு கடமைகளை விதிக்கிறது. முழுமையான, நம்பத்தக்க தகவல் இல்லாமல் குழந்தையின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் செய்தி வெளியிடலாகாது. குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம் பக்கம் ஆகிய எதன் மூலமும் அடையாளம் வெளிப்படலாகாது. பள்ளியின் பெயரை மறைத்தால் நிறுவனம் தப்பித்துக் கொள்ளாதா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் செய்தியின் சாரம் பெயரில் இல்லை. புகார் எந்நாளில் யாரிடம் தரப்பட்டது, அவர் எத்தனை நாள் கழித்துக் காவல் துறைக்குத் தெரிவித்தார், குழந்தை படிப்பைத் தொடர்கிறதா என்பவற்றை அடையாளம் காட்டாமலே எழுத முடியும். குற்றத்தை அறிந்தவர் அதனைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 19 ஆம் பிரிவு. தம் கீழ்ப் பணியாற்றுபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு என்பது 21 ஆம் பிரிவு.

‘சமாதானம்’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. ராஜஸ்தானில் அரசுப் பள்ளி மாணவி ஒருவரிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியர் மீதான வழக்கு, அவருக்கும் சிறுமியின் தந்தைக்கும் இடையே ஏற்பட்ட சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றத்தால் 2022 இல் ரத்துச் செய்யப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. இத்தகைய குற்றம் இரு தனி நபர்களுக்கு இடையேயான விவகாரம் அன்று, சமுதாயத்துக்கே எதிரானது என்பது அத்தீர்ப்பின் கருத்து. மறுக்கும் வாய்ப்பு சிறுமிக்கு இருந்ததா என்ற ஏகலைவன் கேள்வி, இவ்வழக்கில் தந்தையின் கையொப்பத்தையும் தாண்டிக் கேட்கப்பட்டது.

நல்ல சித்திரம் எது?

ஆசிரியர் சமூகத்தின் அச்சத்தையும் கருத வேண்டும். ஒரு பொய்ப் புகார் வாழ்நாள் மதிப்பை அழித்து விடும் என்று நேர்மையான ஆசிரியர்கள் கலங்குகின்றனர். தீய நோக்குடன் பெரியவர்கள் தரும் பொய்ப் புகாருக்கு 22 ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. எனினும் அவர்களுக்குச் சிறந்த பாதுகாப்பு தெளிவான எல்லையே. கதவு திறந்த அறை, பெற்றோருக்குத் தெரிந்த தனி வகுப்பு, தலைமையாசிரியரின் எழுத்து மூலமான அனுமதி ஆகியவை மாணவரைக் காக்கும் அளவுக்கு ஆசிரியரையும் காக்கின்றன.

இதனை அழகுறக் காட்டிய படம் ஒன்று உண்டு. 2007 இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தில், எழுத்துகளை இனங்காணத் தடுமாறும் சிறுவனுக்கு ஓவிய ஆசிரியர் உதவுகிறார். அப்படத்தின் உருக்கத்தைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். ஆசிரியர் செய்த காரியங்களின் ஒழுங்கை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அவர் முதலில் சிறுவனின் பழைய ஏடுகளைப் பார்க்கிறார். அவன் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுகிறார். பின்னர் பள்ளி முதல்வரிடம் சென்று, சிறுவனைச் சிறிது காலம் வேறு முறையில் மதிப்பிட அனுமதி கேட்கிறார். எதுவும் மறைவில் நடக்கவில்லை. கேட்டதெல்லாம் சிறுவனின் நன்மைக்காக. உரிமை, நன்மை, மறுக்கும் வாய்ப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை உண்டு. எல்லை இருந்ததால் அன்பு குறைந்து விடவில்லை.

செய்யக்கூடியவை

அரசு தணிக்கையால் மட்டும் இந்நிலையை மாற்றிவிட இயலாது. திரைப்படச் சான்றிதழுக்கான 1991 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், குழந்தைகள் கொடுமைக்கு உள்ளாவதைத் தேவையின்றிக் காட்டலாகாது என்கின்றன. 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7, 13, 16 என்ற வயது வரம்புகளைச் சான்றிதழில் புகுத்தியது. இவை வேலிகள். வேலியால் பயிர் விளைவதில்லை.

பயிர் விளைய வேண்டிய இடம் வகுப்பறை. மாணவர்களோடு சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்து, மேற்கண்ட மூன்று கேள்விகளையும் விவாதிப்பதற்குப் பணச் செலவு இல்லை. ஆய்வுக்குச் செல்லும் கல்வி அலுவலர் கட்டடத்தையும் பதிவேட்டையும் பார்ப்பதோடு, ‘இங்கே குறை இருந்தால் யாரிடம் சொல்வாய்?’ என்று ஒரு குழந்தையைக் கேட்கலாம். விடை வரவில்லையெனில் அதுவே ஆய்வின் முதன்மையான குறிப்பாகும். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098, உயர் கல்வி நிலையங்களின் உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்கள் ஆகியவை மாணவர் கண்ணில் படும் சுவரில் இருக்க வேண்டும். முதல்வரின் அறைக்குள் இருந்து பயனில்லை. செய்தி வெளியிடும் அலுவலர்கள் ‘காதல்’, ‘சமாதானம்’ என்ற சொற்களை அரசு அறிக்கைகளிலிருந்தேனும் நீக்கலாம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 ஆம் நாள் ஆசிரியர்களை நாடு வணங்குகிறது. அவ்வணக்கம் அவர்களுக்கு உரியதே. ஆயினும் வணக்கத்துக்குரியவரிடம் கேள்வி கேட்கும் துணிவையும் அதே வகுப்பறை தரவேண்டும். தட்சிணை என்ற பெயரில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று தெரிந்த ஆசிரியரும், கேட்கத் தகாததைக் கேட்டால் மறுக்கலாம் என்று தெரிந்த மாணவரும் உள்ள பள்ளியில் எந்தக் குழந்தையும் தன் கட்டை விரலை இழக்க வேண்டியதில்லை.